நனையாமல் இருக்க வேண்டியவன்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு மனு. மனு கேட்டு வந்தவரிடம் “நாளைக்கு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதற்காக எடுத்து வைத்த தாளிலேயே இதை எழுதத் தொடங்கினேன். நாளைக்கு என்று சொல்லி நான்கு நாள் ஆகிவிட்டது.

திருத்தணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாளுக்குப் பத்து மனுவாவது எழுதுவேன். மிச்ச நேரத்தில் கதை, கட்டுரை. கதை என்றால் பத்து தரம் அடித்துத் திருத்துகிற ஆள் நான். மனு என்றால் ஒரே மூச்சு. ‘ஐயா, வணக்கம்’ என்று போட்டுவிட்டால் கை தானாக ஓடும். இந்த மனுவில் ‘ஐயா, வணக்கம்’ மட்டும் ஆறு தாளில் இருக்கிறது.

கேட்டு வந்தவர் அம்சா. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கரும்பு வெட்டப் போவார், நடவுக்குப் போவார். அவருடைய கணவர் பூபாலன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அன்று ஆட்டோ கடைக்கு எதிரே நின்றது. பூபாலன் இறங்கவில்லை. அம்சா மட்டும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்:

“ஈச்சங்கோனை அருவில காவலுக்கு ஆள் எடுக்கிறாங்க சார். இவுரு போய்க் கேட்டாரு. பாறையை வுட்டு எறங்கின ஆளு நமக்கு வேணாம்னு ஊர்க்குழுவுல சொல்லிட்டாங்க. நீங்க ஒரு மனு எழுதுங்க. அன்னிக்குப் பண்ணது தப்புதான், புத்தி கெட்டுப்போயி எறங்கிட்டேன், இனிமே அப்பிடி நடக்காதுன்னு அவுரு சொல்ற மாதிரி எழுதுங்க. தம்பியைப் பறிகுடுத்த நானே அவுர மன்னிச்சுட்டேன்னு கீழ ஒரு வரி சேருங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

‘அன்னிக்குப் பண்ணது’ என்னவென்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘பச்சை போர்த்திய மலைகளின் மடியில், வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல்...’

அடித்துவிட்டேன். ஈச்சங்கோனை அப்படி ஒன்றும் இல்லை. முள், கல், புதர் புதராக ஈச்சமரம். அப்போதெல்லாம் மூன்று மணி நேரம் நடந்து கால் வீங்கிய பிறகு இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் விழும். ஐப்பசியில் நன்றாக விழும். மாசியில் போனால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

(ஈச்சங்கோனை நான் வைத்த பெயர். அது மாநில எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் சொல்ல மாட்டேன். ஒருமுறை வழி சொன்னவன் நான்.)

இரண்டாவது தொடக்கம்:

‘ஒன்பது வருடத்துக்கு முன் ஈச்சங்கோனைக்குச் சாலை கிடையாது. அதனாலேயே அது...’

அதனாலேயே அது அழகாக இருந்தது, சுத்தமாக இருந்தது, கன்னி கழியாமல் இருந்தது என்று எழுத வந்தேன். பயணக் கட்டுரையாளர்கள் எல்லோரும் எழுதுவதுதான். நானும் இருபது முறை எழுதியிருக்கிறேன். இந்தக் கதையில் அதை எழுத எனக்கு வாய் இல்லை. காரணம் பிறகு வரும்.

3

மலையடி ஊர்க்காரர்களிடம் ஒரு முறை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

கூட்டமாக அருவிக்குப் போனால் ஒருவர் மட்டும் நனையக் கூடாது. அவருக்குப் பெயர் ‘காஞ்ச ஆளு’. அருவிக்குப் பக்கவாட்டில், மேலே, ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு மேலிருந்து வருகிற ஓடையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும். ஓடையில் சருகு கூட்டமாக வந்தாலோ, நுரை கட்டினாலோ, தண்ணீர் செம்மண் நிறத்துக்குத் திரும்பினாலோ சீட்டி அடிப்பார். சீட்டி கேட்டால் சோப்பு, துணி, சோற்றுப் பானை எதையும் தேடாமல் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

காய்ந்த ஆளுக்கு மரியாதை உண்டு. அங்கே பொங்கும் சோற்றில் முதல் கை அவருக்கு. சாயங்காலம் வீட்டில் அவருக்கென்று வெந்நீர் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் உட்காருவார். யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது.*

* அன்றைக்கு எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வார்கள்? நான் திருத்தணிக்காரன். மொட்டை, காவடி, அலகு, மண்சோறு என்று காலையில் கண் விழித்தால் வேண்டுதலைத்தான் பார்க்கிறேன். ஒருவர் மட்டும் குளிக்காமல் பாறைமேல் இருப்பதைக் கண்டதும் குறிப்பேட்டில் ‘ஒருவர் குளிப்பதில்லை, ஏதோ வேண்டுதல் போலும்’ என்று எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ‘போலும்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

4

இனி நடந்தது. பூபாலன் பக்கம் நின்று, படர்க்கையில் எழுதுகிறேன். கதை என்று வந்தால் அவரை ‘அவன்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. நேரில் அப்படிச் சொன்னதில்லை.

ஆறு பேர் போனார்கள். பூபாலன், அவன் மனைவியின் தம்பி அருள்முருகன், ஊர்க்காரர்கள் மூவர், வெளியூரிலிருந்து கட்டுரை எழுத வந்த விருந்தாளி ஒருவர். அருள்முருகனுக்கு இருபத்திரண்டு வயது. அக்கா கல்யாணத்தின்போது ஆறு வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து பூபாலனுடைய தோளில் வளர்ந்தவன். வழி முழுக்க முன்னால் நடந்து முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனான்.

அன்றைக்குக் காய்ந்த ஆள் பூபாலன். பாறையில் ஏறி உட்கார்ந்தான். கீழே நால்வரும் தண்ணீரில் கூத்தடித்தார்கள். விருந்தாளி கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூப்பிட்டார்.

“பூபாலன், ஒரு நிமிஷம் கீழ வாங்க. எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரு படம்.”

“நான் இங்கியே இருக்கேன் சார். நீங்க எடுங்க.”

விருந்தாளி விடவில்லை. மறுபடி கூப்பிட்டார், பூபாலன் மறுபடி மறுத்தான். வேண்டுதல் எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று சிரித்தார். பூபாலனுக்கு அது விளங்கவில்லை. என்ன வேண்டுதல்? ஆனால் அந்த மனிதர் கால் கட்டை விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வழிய நடந்து வந்திருந்தார். ஊரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போகிறார். இரண்டு தரம் மறுத்தாயிற்று. மூன்றாம் தரமும் மறுத்தால் மனிதர் மனம் சுருங்கிவிடும் என்று பூபாலனுக்குச் சங்கடமாக இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து அருள்முருகனும் அக்கா கணவனைப் பார்த்துக் கத்தினான்.

“வா பாவா. ஒரு நிமிசம்தான. மேல வெயில் அடிக்குது பாரு.”

பூபாலன் ஓடையை ஒருமுறை பார்த்தான். தெளிவாக இருந்தது. இறங்கினான்.

ஒரு படம் எடுத்தார். யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று இன்னொன்று. வெளிச்சம் போதவில்லை என்று இன்னொன்று. நான்காவது படம் எடுக்கும்போது தண்ணீரின் சத்தம் மாறியதைப் பூபாலன்தான் முதலில் கேட்டான். திரும்பினால் பாறை இடுக்கில் செம்மண் நிறம். “ஏறுங்கடா” என்று அலறினான். கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தவரைப் பற்றிக் கரைமேல் தூக்கிப் போட்டான். மூன்று பேர் அவரவராக ஏறிக்கொண்டார்கள். அருள்முருகன் அருவி விழும் இடத்திலேயே, எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தான்.

கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தவர் விருந்தாளி.

5

அந்த விருந்தாளி நான். இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நீங்கள் ஊகிப்பது வேறு, நான் ஒத்துக்கொள்வது வேறு, அதனால் எழுதிவிடுகிறேன். பூபாலனைக் கூப்பிட்டது நான். அவர் முதலில் தூக்கிக் கரையில் போட்டது என்னை.

மேலே உள்ள பகுதியை இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன். அருள்முருகனும் கூப்பிட்டான் என்ற வரியை எவ்வளவு சரளமாக எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? அது பொய்யில்லை. அவன் கூப்பிட்டான்தான். ஆனால் அந்த வரிக்கு மட்டும் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இறந்தவன்மேல் பாதிப் பழியைப் போட என் கை அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது.

அவன் அங்கேயே சாகவில்லை. நூறடி கீழே மரவேரில் சிக்கிக் கிடந்தான். தலையில் அடி. மூச்சு இருந்தது. இரண்டு கழிகளில் வேட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மூன்று மணி நேர வழி. தூக்கத் தெரியாத நான் எல்லோருடைய செருப்புகளையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். பாதி வழியில், ஒரு கானாற்றைக் கடக்கும்போது, பூபாலன் நின்றார். கழியைக் கீழே இறக்கச் சொல்லி அவன் மார்பில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு யாரும் அவசரமாக நடக்கவில்லை.

ஊர் எல்லையில் கூட்டம். ஒரு பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“காஞ்ச ஆளு யாரு?”

“நான்தான்” என்றார் பூபாலன்.

“எறங்கினியா?”

“ஆங். எறங்கினேன்.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் முறையில் ‘ஏன்’ என்பதற்கு வேலையே இல்லை. அம்சாவும் கேட்கவில்லை. என்னிடம் அந்த ‘ஏன்’ இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த நான்கு படங்களில் ஒன்றிலிருந்து அருள்முருகனின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, லேமினேஷன் போட்டு அம்சாவிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற பூபாலனை நான்தான் வெட்டினேன். “நல்லா வந்திருக்குது சார்” என்று அம்சா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

6

இரண்டு மாதம் கழித்து என் கட்டுரை வந்தது. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த ஆலமரத்தில் திரும்ப வேண்டும், எந்தக் கானாற்றைத் தாண்ட வேண்டும், எல்லாம் எழுதியிருந்தேன். கடைசியில் ஒரு வரி: ‘கவனக்குறைவால் இங்கே விபத்துகளும் நேர்ந்ததுண்டு.’

சாலை போட்டது என் கட்டுரை என்றால் அது பெருமையடிப்பது. கட்டுரையைப் படித்து முதலில் பைக்கில் நாலு பேர் போனார்கள். அவர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்து நானூறு பேர். அப்புறம் மண்சாலை, தார்ச்சாலை, டிக்கெட் கூண்டு, வண்டி நிறுத்துமிடம். ஆடிக் கிருத்திகைக்கு இங்கே மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டவர்கள் வேன் பிடித்து நேராக அங்கே போய்க் குளிக்கிறார்கள். அருவிக்கு அடியில் இரும்புக் குழாய்த் தடுப்பு. பாறைக்குப் போகப் படிக்கட்டு. ஈச்சம்புதரில் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பூ உறையும். மஞ்சள் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் விசிலோடு பாறைமேல் உட்காருகிறார். நனையாமல் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒரு அதிகாரிக்கு ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது சம்பள வேலை ஆகிவிட்டது.

போன மாதம் பூபாலனோடு அவர் ஆட்டோவிலேயே போனேன். ஐம்பது நிமிடத்தில் அருவி. அவர் டிக்கெட் எடுத்தார், உள்ளே போனார், கரையோரக் கல்லில் உட்கார்ந்தார். குளிக்கவில்லை. இரண்டு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் கொடுத்த பெண் என்னிடம் சொன்னாள்: “இந்தண்ணா ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவாரு. சும்மா உக்காந்துகினு இருப்பாரு. சாயங்காலம் கூட்டம் போனப்புறம்தான் எழுந்திருப்பாரு.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். சாலை வந்ததிலிருந்து என்றாள்.

அந்த வேலையை அவர் ஏன் கேட்கிறார் என்று அம்சா மனு கேட்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கீழே கல்லில் உட்கார்ந்தால் மேலோடை தெரியாது. பாறைமேல்தான் தெரியும். பாறைமேல் ஏற அவருக்கு அனுமதி இல்லை.

அன்று அருவியிலிருந்து திரும்பி வந்ததும் அம்சாவிடம், அருவியையே கெடுத்து வைத்திருக்கிறார்கள், குப்பைக்கூடை ஆக்கிவிட்டார்கள் என்று புலம்பினேன்.  அவர் சொன்னார்:

“ஒங்களுக்கு அழகு போச்சு சார். அந்த ரோடு அப்ப இருந்திருந்தா எந்தம்பியை ஆஸ்பத்திரில சேத்திருப்போம். குப்பையை வாரிக்கலாம்.”

இரண்டாவது தொடக்கம் ஏன் நின்றது என்று இப்போது தெரிந்திருக்கும்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அம்சா சொன்னபடி மனு. ‘புத்தி கெட்டு இறங்கிவிட்டேன், மன்னிக்கவும்.’ குழு மனம் இளகுகிறது. பூபாலன் பாறைமேல் உட்காருகிறார். எல்லோருக்கும் நல்லது. என் கையெழுத்தில் ஒரு பொய், அவ்வளவுதான். (‘அவ்வளவுதான்’ என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.)

இரண்டாவது: உண்மையை மனுவிலேயே எழுதிவிடுவது. நான் மூன்று முறை கூப்பிட்டதால் அவர் இறங்கினார், பொறுப்பு என்னுடையது. படிக்கவே கம்பீரமாக இருந்தது. நேற்று ஆட்டோ ஸ்டாண்டில் பூபாலனைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்படி எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் இந்த ஒன்பது வருடத்தில் இதைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

“வேணாம் சார். யாரு கூப்ட்டாலும் எறங்கக் கூடாது, அதுக்குத்தான அங்க உக்கார வெக்கிறது. நீங்க கூப்ட்டீங்கன்னு எழுதினா, கூப்ட்டா எறங்கற ஆளுன்னு ஆயிடும். அப்பிடி ஆளை எவன் வெச்சுப்பான்? எறங்கினேன், இனிமே எறங்க மாட்டேன். அது போதும்.”

“அம்சாவுக்கு?”

 அவர் துணியை எடுத்து ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. பிறகு, “அவ தம்பி சார்” என்றார். 

‘வேணாம் சார்’ என்று அவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.  அந்த நிம்மதிதான் இன்று காலை வரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் சொன்னது மனுவைப் பற்றி. குழுவுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது அவர் வேலை, அவர் மானம், அவர் முடிவு. ஒரு அக்காவுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அதை என்னிடம் விட்டார். அல்லது அப்படி நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது முடிவில் அம்சாவிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் ஒரு வரிகூட வரவில்லை. என் கதைகளில் வரும் பெண்கள் இந்த இடத்தில் அழுவார்கள், இல்லை மண்ணை வாரித் தூற்றுவார்கள். அம்சா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடமாக ஒரு மனிதரை மன்னித்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்ட பெண் அவர். அந்த மன்னிப்பு ஆள் மாறிப் போயிருக்கிறது என்று கேட்டால் என்ன ஆவார்? எனக்குப் பயமாக இருக்கிறது.

8

அம்சா வந்துவிட்டார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதிக்கொண்டிருப்பது மனு என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருக்கிறார். வெளியே ஆட்டோ நிற்கிறது.

மனு காலையிலேயே தயார். பூபாலன் சொன்னபடி: அன்று நான் இறங்கினேன், இனி இறங்க மாட்டேன், வாய்ப்புத் தர வேண்டுகிறேன். ‘புத்தி கெட்டு’ என்பது இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது என் வழக்கம். வாசித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“நல்லாருக்குது சார். நான் மன்னிச்சுட்டேன்ற வரி வரலியே?”

“அதுக்கு இடம் விட்டிருக்கேன்.”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கீழே இரண்டு வரிக்கு வெற்றிடம்.

“ஏன் சார்?”

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் ஏன் என்று கேட்டிருக்கிறார். இதற்கு எழுத்தில் பதில் கிடையாது. எழுதினால் நான் மறுபடியும் அடிப்பேன், திருத்துவேன், அருள்முருகனும் கூப்பிட்டான் என்று ஒரு வரி சேர்ப்பேன். வாயால்தான் சொல்ல வேண்டும்.

வாசகரே, இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். இதற்கு மேல் நீங்கள் இங்கே இருப்பது முறையில்லை. அவர் என்ன சொல்வார், அந்த வெற்றிடத்தில் என்ன எழுதச் சொல்வார், எழுதவே சொல்லாமல் எழுந்து போவாரா என்பது அவருடையது. பேனாவை மூடி வைக்கிறேன்.